நூற்றெண்பது

சோஹாரிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு ஒரு தொடுகை
போய்த் திரும்ப இருநூற்றுப் பத்து மில்லிசெகண்ட்.
மாலைக் கணக்கு இது.
ஊரில் இருப்பவர்களின் முகம் பார்க்க
இங்கே எல்லோரும் கைப்பேசியைத் தூக்கும் நேரம்.

நாங்கள் கட்டுவது சடுகுடு.
இருபத்தொரு பேர், ஒன்பது நாடு.
சம்பளம் யாருக்கும் கிடையாது.
நிரல் திறந்தே கிடக்கும்,
யாரும் உள்ளே வரலாம், செருப்போடுகூட.

பாடிப் போகிறவன் கை நீட்டுகிறான்.
அவன் திரையில் எதிராளி இன்னும் அங்கேதான்.
எதிராளியின் திரையில் அவன் எப்போதோ விலகியாயிற்று.
பட்டதா, படவில்லையா?
மண்ணில் என்றால் சட்டையைப் பிடித்துத் தீர்த்துக்கொள்ளலாம்.
இங்கே சர்வர் வாய் திறக்க வேண்டும்.

நான் எழுதிய முந்நூற்றுப் பன்னிரண்டு வரி
சர்வரைக் கொஞ்சம் பின்னால் நடத்திப் போகும்,
கை நீட்டியவன் கண்ட கணம் வரைக்கும்.
அங்கே நின்று பார் என்னும்.
தாமதமாக வந்தவன் பொய் சொல்லவில்லை என்று
நம்புகிற நிரல்.

"விலகி முடித்த பிறகு செத்தேன்" என்றாள் இல்திகோ,
புடாபெஸ்டில், பதினெட்டு மில்லிசெகண்டில் உட்கார்ந்துகொண்டு.
அவள் சொன்னதும் உண்மை.
அதுதான் தொல்லை.
பின்னோக்கிப் போவதை நூறோடு நிறுத்து என்றாள்.
டொராண்டோவிலிருந்து பிரணவன்
"தூரத்தில் இருப்பது குற்றமா" என்று தொடங்கி
நாலு பக்கம் எழுதினான். நிரல் ஒரு வரி இல்லை.
ரெனாட்டோ வரைபடம் போட்டான்.
வரைபடத்தின் நிறம் கண்ணை உறுத்துகிறது என்றார் ஒருவர்.
இரண்டு நாள் அதிலேயே போனது.

வளைகுடாவில் எத்தனை பேர்தான் ஆடுகிறார்கள்?
கேட்டவரிடம் கோபம் இல்லை, கணக்குத்தான்.
எண்ணிச் சொன்னேன்: நாற்பத்து மூன்று.
அதில் பதினொரு பேர் ஒரே கேம்ப், ஒரே வைஃபை,
அலுமினிய ஆலையின் பி ஷிப்ட்.

ஜூன் மாதம். வெளிப்பக்கம் வியர்க்கும் ஜன்னல்.
என் அட்டையில் குடும்ப விசா,
வேலை செய்யக் கூடாது என்று அச்சடித்திருக்கிறது.
சம்பளம் இல்லாததால் இது வேலை இல்லை.
வேலை இல்லாததால் இதற்கு விடுப்பும் இல்லை.
அடுப்பில் பால் பொங்கி வழிந்த இரவில்
இல்திகோவுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன்.

பிரணவன் பிரிந்து போனான்.
மொத்த நிரலையும் நகலெடுத்து வேறு பேர் வைத்தான்.
வா, உன் வரிகளுக்கு இங்கே வரம்பே கிடையாது என்றான்.
போய்ப் பார்த்தேன்.
வரம்பில்லாத களத்தில் ஒரே ஒருவன்
கோட்டின் மேல் நின்றிருந்தான்,
மூச்சை விடாமல்,
எதிரணி வருமென்று.

திரும்பி வந்தேன்.
மிச்சம் இருபது பேர் வாக்களித்தோம்.
பதினொன்றுக்கு ஒன்பது. நூற்றெண்பது.
இல்திகோவுக்கும் பிடிக்கவில்லை, எனக்கும் இல்லை.
என் வரி, நானே குறைக்கிறேன் என்றேன்.
ஓர் எண்ணை அழித்து
ஓர் எண்ணைப் பதிக்க எவ்வளவு நேரம்!
அன்றைக்கு மட்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை.
இல்திகோ ஒரு நன்றி போட்டாள்,
முற்றுப்புள்ளியோடு.

செல்வினை ஹைப்பர்மார்க்கெட்டில் பார்த்தேன்.
என் கணவரின் ஷிப்ட்காரன், தக்கலைப் பக்கம்.
அந்த விளையாட்டைக் காட்டித் தந்தவள் நான்,
அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும்.
"யக்கா, சாயங்காலம் தொட்டா படவே மாட்டேங்கு.
வெளுப்புக்கு முன்ன, ஒரு மூணு மணிக்கு,
தொட்ட ஒடனே பொத்துன்னு விழுகான்.
நேரம் ராசியில்லா!
ஷிப்ட மாத்திக் கேட்டிருக்கேன்."

மூன்று மணிக்கு நூற்று எழுபத்து நான்கு.
சொல்லவில்லை.
கையிலிருந்த வெங்காயத்தை
எடை போடக் கொடுத்தேன்.